அக்கா பிரேக் மிதிக்கும் இடம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கதை எழுதலாம் என்று நான் உட்காரவில்லை. பட்டியல் ஒன்றுதான் எழுதினேன். அதுவும் நானாக ஆசைப்பட்டு அல்ல, அக்கா கேட்டாள்.

எங்கள் குடும்பத்தில் எழுதுகிறவன் நான் ஒருவன்தான் என்பதால் எழுத்து சம்பந்தப்பட்ட சகலமும் என் தலையில்தான் விழும். விடுப்புக் கடிதம், மாடி வீட்டுக் குழாய் ஒழுகுவதாகப் புகார், பிறந்த நாள் வாழ்த்து, எல்லாம். பிழைப்புக்கு நான் செய்வதும் பெரிய இலக்கியம் இல்லை. வாஷிங் மெஷின் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, பிரித்துக்கூடப் பார்க்காமல் இழுப்பறையில் போடுவீர்களே, அதை எழுதுகிறவன் நான். அதனால் அக்கா ஃபோனில், "டேய், ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போறேன். வாங்குறதுக்கு முன்னாடி ஓட்டிப் பாக்கணும்ல, அப்ப அது எப்படி ஓடணும்னு வரிசையா எழுதிக் குடு" என்றபோது, இரண்டாவது பாதி எனக்கு ஆச்சரியமாக இல்லை. முதல் பாதிதான் தூக்கிவாரிப் போட்டது.

அங்கே இங்கே படித்து, நாலு பேரைக் கேட்டு, கொஞ்சம் சொந்தச் சரக்கும் சேர்த்துப் பதினோரு குறிப்புகள் எழுதினேன். நான்காவதைப் படித்துவிட்டு அக்கா சிரித்த சிரிப்பில் மாமா பக்கத்து அறையிலிருந்து எழுந்து வந்துவிட்டார். 'ஐந்தாவது கியரில் வண்டியை மெதுவாகக் கிளப்பவும்' என்று எழுதியிருந்தேன்.

"நீ எப்பவாவது கிளட்ச்ச மிதிச்சிருக்கியாடா?"

மிதித்ததில்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. வாசகரே, இதை இப்போதே சொல்லிவிடுவதுதான் நியாயம். பாதி வழியில் தெரிந்தால் என்னைத் திட்டுவீர்கள். ஒரு கார் எப்படி ஓட வேண்டும் என்பதைப் பற்றி, கார் ஓட்டத் தெரியாத ஒருவன் எழுதுவது இது.

2

தொடக்கம் ஒன்று: 'அந்தச் சிவப்புக் கார் வெயிலில்

இங்கேயே நிறுத்திவிட்டேன். கார் சிவப்பே இல்லை, சாம்பல் நிறம். ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் கை தானாகச் சிவப்புக்குப் போய்விட்டது. போதாததற்கு, அக்கா பார்த்தது பந்தயத்தில் ஓடுகிற தட்டையான வண்டியும் இல்லை. ஸ்போர்ட்ஸ் செடான் என்று ஒரு ரகம் இருக்கிறது. நாலு கதவோடு, ஆபீஸ் போகிறவர் கார் மாதிரி சாதுவாக நிற்கும். மிதித்தால்தான் அதன் குணம் தெரியும்.

தொடக்கம் இரண்டு: 'வேகம் என்றால் என்ன? மனிதன் சக்கரத்தை உருட்டிய நாளிலிருந்தே

இதை மாமாவிடம் படித்துக் காட்டினேன். அக்காவின் கணவர், நல்ல மனிதர், யார் மனதையும் நோகடிக்கத் தெரியாதவர். "நல்லா இருக்கு மாப்ள" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

தொடக்கம் மூன்று: 'இருபத்தாறு வயதில் அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான்

இதை அக்காவே பிடுங்கிப் படித்தாள்.

"யாரு இது?"

"நீதான்."

"எனக்கு ஐம்பத்து மூணு ஆகுது."

"வாசகர் நம்பணும்ல அக்கா. ஐம்பத்து மூணு வயசுல ஒரு பொம்பள ஸ்போர்ட்ஸ் கார் வாங்க அலையிறான்னா காரணம் கேப்பாங்க."

"கேக்கட்டுமே. காரணம் இல்லாமயா அலையிறேன்? நம்பலைன்னா உன் வாசகரை வேற கதை படிக்கச் சொல்லு."

அவள் வயதை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். காரணத்தை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

3

அக்கா இருபத்திரண்டு வருஷம் நகரப் பேருந்து ஓட்டினாள்.

(இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் என் நான்காவது குறிப்பைப் பார்த்து நீங்களும் சேர்ந்து சிரித்திருப்பீர்கள். எனக்கும் கொஞ்சம் மானம் இருக்கிறது.)

பேருந்து ஓட்டுநர்களில் பல ரகம் உண்டு. நேரத்துக்குப் போய்ச் சேர்கிறவர், வாய் ஓயாமல் திட்டுகிறவர், எந்த நிறுத்தத்திலும் நிற்காதவர். அக்காவின் ரகம் தனி. "உக்காந்திருக்கறவங்க எப்படியும் போய்ச் சேந்துடுவாங்கடா. நான் ஓட்டுறது நிக்கிறவங்களுக்கு" என்பாள். நிற்கிறவர் கம்பியைப் பிடிக்காமலே நிற்க வேண்டும். அதுதான் அவளுக்குக் கணக்கு. அதற்காக எங்கே காலை எடுப்பது, எவ்வளவு முன்னாலிருந்து பிரேக்கை வருட ஆரம்பிப்பது, வளைவில் ஸ்டியரிங்கை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவது என்று ஒரு தனிப் படிப்பே படித்து வைத்திருந்தாள். ஒருமுறை ஒரு தையல்காரர் நெரிசலில் நின்றபடியே ஊசியில் நூல் கோத்தாராம். கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து எங்கள் எல்லோருக்கும் ஃபோன் செய்தாள்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை நேரம். வண்டி நிறையக் கூட்டம். சிக்னலை மதிக்காமல் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. அக்கா பிரேக்கை முழுதாக மிதித்தாள். வேறு வழியே இல்லை. சைக்கிள்காரர் பிழைத்தார், திரும்பிக்கூடப் பார்க்காமல் போயும் விட்டார். ஆனால் பேருந்துக்குள் நின்றுகொண்டிருந்த ஓர் அம்மா கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார்.

விசாரணை நடந்தது. அக்கா மேல் தப்பில்லை என்று எழுதினார்கள். அந்த அம்மாவே ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து, "அந்தப் பொண்ணு என்ன பண்ணும் பாவம்" என்று சொன்னார். அக்கா யார் சொன்னதையும் காதில் வாங்கவில்லை. அடுத்த மாதம் வேலையை விட்டாள். அதன் பிறகு எந்த ஸ்டியரிங்கையும் தொடவில்லை. பேருந்தில் பயணியாகக்கூட ஏறவில்லை. மாமா என்னை ஃபோனில் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "வாசல் கதவைத் திறக்குறா மாப்ள, தெருவைப் பாக்குறா, மூடிடுறா. இப்படியே போனா ஆள் உள்ளயே உக்காந்துடுவா" என்றார். அவர் அழுகிறாரோ என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அப்படி இருந்தவள்தான் ஒரு நாள் குப்பை போடக் கீழே இறங்கி, குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் யாரோ விருந்தாளி விட்டிருந்த ஒரு ஸ்போர்ட்ஸ் செடானைப் பார்த்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாளாம். மேலே வந்து எனக்கு ஃபோன் செய்தாள். நான் ஏன் ஏன் என்று துளைத்ததில் கடைசியாக வாயைத் திறந்தாள்.

"அதுக்குள்ள யாராலயும் நிக்க முடியாதுடா. கூரை அவ்வளவு தாழ்வு."

இதுதான் காரணம்.*

* மாமாவிடம் அவள் சொன்னது 'பெட்ரோல் மிச்சம்' என்று. ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவதற்கு அந்தக் காரணத்தைச் சொன்ன ஒரே ஆள் உலகத்தில் என் அக்காவாகத்தான் இருக்கும். மாமா நம்பிய மாதிரி நன்றாக நடித்தார்.

4

மூன்று வண்டிகள் பார்த்தோம்.

முதலாவது, ஒரு பல் டாக்டருடையது. அந்தச் சாம்பல் நிறக் கார். மருத்துவமனையின் பின்பக்கம் நிறுத்தியிருந்தார். கிராம்பு எண்ணெய் வாசனையோடு வெளியே வந்து, "என் பிள்ளை மாதிரி வளர்த்தேன் மேடம்" என்றார். பிள்ளையை ஏன் விற்கிறீர்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. அக்கா முறைத்ததால் அடக்கிக்கொண்டேன்.

அவள் உள்ளே உட்கார்ந்தாள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு. இரண்டு கையையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். பிறகு உள்கண்ணாடியைத் திருப்பினாள். பின்னால் வருகிற வண்டி தெரிய வேண்டிய கண்ணாடியில் பின் சீட்டும் கூரையும் தெரிகிற மாதிரி வைத்தாள். 

"பெல்ட்டைப் போடு" என்றாள். கிளம்பினோம்.

வாசகரே, அப்படி ஒரு பயணத்தை நான் அனுபவித்ததில்லை. மேடு பள்ளம் தெரியவில்லை. வளைவு வந்தது, போனது. சிக்னலில் வண்டி எப்போது நின்றது என்றே தெரியவில்லை. மடியில் என் பதினோரு குறிப்புக் காகிதம். ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வந்தேன். பதினொன்றுக்குப் பதினொன்று.

இரண்டாவது ஒரு வெள்ளை வண்டி. இரட்டைக் குழந்தைகள் பிறந்து, இரண்டு குழந்தை இருக்கை பின்னால் நுழையாமல் விற்கிற தம்பதியுடையது. அதுவும் பதினொன்றுக்குப் பதினொன்று. மூன்றாவது, பழைய கார் விற்கும் கடையில் நின்ற கருநீலம். அதுவும் அப்படியே.

எனக்குத் தலை கால் புரியவில்லை. மூன்று தங்கமான வண்டிகள்! எதை எடுப்பது என்பதுதான் பிரச்சினை என்று நினைத்தேன். அக்காவின் முகம் மட்டும் சரியில்லை.

"மூணும் ஒரே மாதிரி ஓடுதுடா."

"நல்லதுதானே?"

"மூணு வேற வேற வண்டி. வேற வேற ஆளுங்க கையில அடிபட்டது. எப்படி ஒரே மாதிரி ஓடும்?"

என் பட்டியலில் இதற்கு இடமே இல்லை.

5

அக்காவின் பழைய பணிமனை மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்றால் மறுநாள் வருவார் என்பதால் பணிமனையில் அவருக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். அவரை வரச் சொன்னோம். மறுநாள் வந்தார். பல் டாக்டரின் காரில் பின் சீட்டில் ஏறிக் கால் நீட்டி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

இரண்டு தெரு தாண்டியதும், "ஓரமா நிறுத்துங்க அக்கா" என்றார்.

நிறுத்தினாள்.

"இந்த வண்டியில என்ன கோளாறுன்னு என்னால சொல்ல முடியாது."

"ஏன்?"

"நீங்க ஓட்டுறீங்களே, அதான். உங்க கையில குடுத்தா சக்கரம் இல்லாத வண்டிகூட நல்லா ஓடும். வண்டி எங்க தடுமாறும்னு அதுக்குத் தெரியுறதுக்கு முன்னாடி உங்க காலுக்குத் தெரிஞ்சிடுது. நீங்க ஓட்டல அக்கா, நோயாளிய நோகாம தூக்கிட்டுப் போறீங்க. நோயாளிக்கு என்ன நோவுன்னு யாருக்குத் தெரியும்?"

 அவர் பின்னாலிருந்து விரல் விட்டு எண்ணினார்.

"இந்த மாதிரி வண்டி கொஞ்சம் முரடாத்தான் இருக்கணும். ரோட்டுல இருக்கிற கல்லு கைக்குத் தெரியணும். ஸ்டியரிங்க விட்டா நேரா போகணும். சட்டுனு திருப்பினா பின்பக்கம் அசமந்தமா இல்லாம கூடவே திரும்பணும். அப்புறம் அறுபதுல போயி, காலியான ரோட்டுல, பிரேக்க முழுசா மிதிக்கணும். நல்ல வண்டின்னா மூக்கைக் குனிஞ்சு நேரா நிக்கும். எந்தப் பக்கமாவது இழுத்தா விஷயம் இருக்கு. மிதிக்காம இதெல்லாம் தெரியாது."

'முழுசா மிதிக்கணும்' என்றதும் அக்கா என்ஜினை அணைத்தாள். முகத்தில் ஈயாடவில்லை. இறங்கி, சாவியை எக்ஸ்பிரஸ் கையில் கொடுத்துவிட்டு, நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். காரை அவர்தான் பல் டாக்டரிடம் கொண்டுபோய் விட்டார்.

"கார் வேணாம்" என்று மட்டும் அன்று மாலை மாமாவிடம் சொன்னாளாம்.

(நான் எழுதிய பதினோரு குறிப்பில் 'பிரேக்' என்பது ஏழாவது. 'பிரேக்கை இதமாக அழுத்திப் பார்க்கவும்' என்று எழுதியிருந்தேன். இதமாக! அவளுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் எழுதினேன். பிழையான குறிப்பைப் பாசத்தோடு எழுதிக் கொடுத்தவன் நான்.)

6

நாலு நாள் கழித்து அக்கா ஃபோன் செய்தாள்.

"அந்தப் பல் டாக்டர் வண்டி இன்னும் இருக்கா?"

இந்த இடத்தில் கதைக்கு ஒரு காரணம் வேண்டும். மனம் மாறுவதென்றால் சும்மாவா? நான் ஒரு கடிதம் எழுதிப் பார்த்தேன். இடுப்பெலும்பு முறிந்த அந்த அம்மா அக்காவுக்கு எழுதுவதாக: 'மகளே, நான் இப்போது நன்றாக நடக்கிறேன். நீயும்

அடித்துவிட்டேன். அந்த அம்மா நன்றாக நடக்கிறார் என்பது உண்மைதான், மாமா விசாரித்து வைத்திருக்கிறார். ஆனால் கடிதம் எதுவும் வரவில்லை. அக்காவிடமே கேட்டேன்.

"காரணம் எல்லாம் ஒண்ணும் இல்லடா. வீட்டுல போரடிச்சுது."

"போரடிச்சுதுன்னு கதையில எப்படி எழுதுறது?"

"பேனாவாலதான்."

எழுதிவிட்டேன். அவளுக்குப் போரடித்தது.

ஊருக்கு வெளியே, கிடங்குகளுக்குப் பின்னால், போட்டு முடித்து இன்னும் திறக்காத ஒரு சாலை இருக்கிறது. நல்ல அகலம். ஆள் கிடையாது, வண்டி கிடையாது. கிடங்குக் காவலாளியிடம் சொல்லி அனுமதி வாங்கியிருந்தார் எக்ஸ்பிரஸ். காலை பத்து மணி. ஒரு காலி டப்பாவைச் சாலை ஓரத்தில் வைத்து, "இதைத் தாண்டினதும் மிதிங்க" என்றார்.

இனி நான் முதலில் எழுதிய வடிவம்:

'அவள் பல்லைக் கடித்தாள். வேகமானி அறுபதைத் தொட்டது. பக்கத்தில் அமர்ந்திருந்த தம்பி அவள் தோளைத் தொட்டு, "உன்னால் முடியும் அக்கா" என்றான். அந்த ஒரு சொல்லில் அவள்

போதும். அசடு வழிகிறது. நடந்தது இதுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்தது உண்மை. பின்னால் எக்ஸ்பிரஸும் பல் டாக்டரும். முதல் தடவை டப்பாவைத் தாண்டியதும் அக்கா காலை வைத்தாள். வண்டி வெண்ணெய் மாதிரி நின்றது. இரண்டாவது தடவை நான் "மிதி, மிதி!" என்று கத்தினேன். வெண்ணெய். மூன்றாவது தடவை பல் டாக்டரும் கத்தினார், "தைரியமா மேடம், வலிக்காது" என்று. தொழில் பழக்கம், வேறென்ன? வெண்ணெய். நாலாவது தடவையும் வெண்ணெய்தான், அக்கா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"முடியலடா" என்றாள். "கால் போகுது. பாதியில யாரோ பிடிச்சுக்கிற மாதிரி இருக்கு."

எக்ஸ்பிரஸ் முன்னால் குனிந்து என் முதுகைத் தட்டினார்.

"தம்பி, நீங்க இறங்குங்க."

"நானா?"

"எல்லாரும்தான். வண்டியில ஒரு ஆள் இருக்கிற வரைக்கும் அவங்க பஸ்தான் ஓட்டுவாங்க."

வாசகரே, என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இது என் கதை. பட்டியல் எழுதியது நான், மூன்று வண்டியிலும் பக்கத்தில் உட்கார்ந்து டிக் அடித்தது நான். கதை உச்சத்துக்கு வருகிற நேரத்தில் கதையை எழுதுகிறவனை இறங்கச் சொல்கிறார்கள். நான் மென்று முழுங்கினேன். "ஓரமா, சத்தமே போடாம உக்காந்துக்கறேன்" என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, கோபமும் இல்லை.

"இறங்குடா" என்றாள்.

இறங்கினேன்.

7

காருக்குள் நடந்தது:

(                    )

அடைப்புக்குறிக்குள் என்ன எழுதினாலும் பொய். நான் உள்ளே இல்லை. வெளியே இருந்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

சாம்பல் நிறக் கார் சாலையின் கோடி வரை போனது. திரும்பியது. நின்றது. ரொம்ப நேரம் நின்றது. பல் டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எக்ஸ்பிரஸ் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். எனக்கு ஓடிப்போய்க் கதவைத் திறந்து அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று இருந்தது. கார் வேண்டாம், கதை வேண்டாம், ஒன்றும் வேண்டாம். 

பிறகு வந்தது. அதுவரைக்கும் அந்த வண்டி போடாத ஒரு சத்தத்தோடு வந்தது. டப்பாவைத் தாண்டியது. மூக்கு தரையை முட்டுகிற மாதிரி குனிந்தது, டயர் கத்தியது, பின்பக்கம் எழும்பியது, நின்றது. சாலையில் இரண்டு கறுப்புக் கோடு.

அக்கா இறங்கவில்லை. நான் ஓடினேன். ஜன்னல் கண்ணாடி கீழே இறங்கியது. அக்காவின் முகம் முழுக்கத் தண்ணீர். ஆனால் வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"இழுக்குதுடா!"

"என்ன?"

"இடது பக்கம் இழுக்குது! நேராத்தான் பிடிச்சிருந்தேன், பிடுங்கிக்கிட்டு இடது பக்கம் போகுது. லேசா இல்ல, நல்லாவே இழுக்குது!" புதையல் கிடைத்தவள் மாதிரி கத்தினாள். "எக்ஸ்பிரஸ்! இங்க வாங்க! இழுக்குது!"

பல் டாக்டர் பதறிப் போனார். "அஞ்சு வருஷமா ஓட்டுறேன் மேடம். ஒரு நாளும் இழுத்ததில்லையே."

"ஒரு நாளாவது முழுசா மிதிச்சிருக்கீங்களா?"

அவர் யோசித்தார். "இல்ல" என்றார்.

அக்கா யாரையும் கேட்காமல் திரும்பவும் கோடி வரை போய் வந்து மிதித்தாள். அதற்கப்புறம் இன்னொரு தடவை. எக்ஸ்பிரஸ் அதிசயமாக ஓடியே வந்து, முன்சக்கரங்களின் பக்கத்தில் குனிந்து, தொடாமல், உள்ளங்கையை மட்டும் காட்டிப் பார்த்தார். இடது சக்கரத்திலிருந்து கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். வலது சக்கரத்தில் அப்படியே வைத்திருந்தார்.

"வலது பக்கம் சூடே ஏறல. அந்தப் பக்கம் பிரேக் துருப்பிடிச்சு நகராம கிடக்கு, பாதிதான் பிடிக்குது. அதான் இடது பக்கம் இழுக்குது." நிமிர்ந்தார். "அக்கா சொன்னது சரி."

அக்கா ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். இழுக்கிற கார் கிடைத்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருத்தியை அந்தப் பல் டாக்டர் இனிமேல் பார்க்கப்போவதில்லை. கோளாறு காரில். கோளாறு காரில் என்று அவளுடைய கை சொன்னது, கால் சொன்னது, அது சரியாகவும் இருந்தது.  சொல்வதற்கென்ன, அழுதேன்.

8

முடிவுகள் மூன்று எழுதி அக்காவிடம் காட்டினேன்.

(அ) பல் டாக்டர் பிரேக்கைச் சரி செய்து கொடுக்கிறார். அக்கா அந்தச் சாம்பல் நிறக் காரையே வாங்குகிறாள். கோளாறு தெரிந்த வண்டி தெரியாத வண்டியைவிட நம்பகமானது என்று அவள் நினைக்கிறாள்.

(ஆ) அக்கா காரே வாங்கவில்லை. மறுபடியும் பணிமனைக்குப் போய்ச் சீருடையைக் கேட்கிறாள்.

(இ) அக்காவும் எக்ஸ்பிரஸும் சேர்ந்து, பழைய கார் வாங்குகிறவர்களுக்காக வண்டியை ஓட்டிப் பார்த்துச் சொல்கிற தொழில் தொடங்குகிறார்கள்.

"மூணாவதுல எக்ஸ்பிரஸ் இருக்காரே, அது நடக்காது. தொழில் தொடங்குற நாளைக்கு மறுநாள்தான் வருவார்" என்றாள். இரண்டாவதை இரண்டு தடவை படித்தாள். அடிக்கவும் இல்லை, சரி என்றும் சொல்லவில்லை. முதலாவதின் பக்கத்தில், 'மத்த ரெண்டு வண்டிய யாரு மிதிச்சுப் பாக்கறது?' என்று எழுதினாள்.

அதுவும் சரிதான். வெள்ளை வண்டியும் கருநீலமும் பதினொன்றுக்குப் பதினொன்று வாங்கி உட்கார்ந்திருந்தன. அந்த மதிப்பெண்ணுக்கு இப்போது ஒரு மதிப்பும் இல்லை.

மறுநாள் வெள்ளை வண்டியை அந்தத் தம்பதியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு திறக்காத சாலைக்குப் போனோம், அக்காவும் நானும் மட்டும். எக்ஸ்பிரஸ் ஐந்து நிமிடத்தில் வருவதாகச் சொல்லியிருந்தார். அக்கா தனியாக இரண்டு தடவை கோடி வரை போய் வந்தாள். ஸ்டியரிங்கை விட்டுப் பார்த்தாள், சட்டென்று திருப்பிப் பார்த்தாள். நான் வழக்கம்போல ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் பக்கத்தில் வந்து நிறுத்திக் கதவைத் திறந்தாள்.

"ஏறு."

"நான் எதுக்கு? நான் இருந்தா நீ மிதிக்க மாட்டியே."

"அதுக்குத்தான் ஏறச் சொல்றேன்."

ஏறினேன். பெல்ட்டைப் போட்டேன். அவள் ஒரு தடவை அதை இழுத்துப் பார்த்தாள். என் தலைக்கும் சீட்டுக்கும் நடுவே இடைவெளி அதிகமாக இருக்கிறதா என்று பார்த்தாள். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துப் பின்னால் போட்டாள். பிறகு கிளம்பினோம். முப்பது, நாற்பது, ஐம்பது. சாலையில் இருந்த ஒவ்வொரு கல்லும் எனக்கு அடியில் தெரிந்தது. அறுபது.

"கெட்டியா பிடிச்சுக்கோடா."

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஒரு பயணியிடமும் சொல்லாத வார்த்தை. அதைச் சொல்லவே தேவை வராமல் ஓட்டுவதுதான் அவள் கௌரவம். நான் பிடித்துக்கொண்டேன்.

மிதித்தாள்.

பெல்ட் என் நெஞ்சை அழுத்தியது, பின்பக்கம் எழும்பியது, உலகம் முழுக்க முன்னால் வந்து பிறகு தன் இடத்துக்குப் போனது. அமைதி. என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். என் நெற்றி, தோள், முழங்கால், ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அடிபட்டுதா?"

"இல்லக்கா."

"எங்கயாவது?"

"எங்கயும் படல. நல்லா இருக்கேன்."

"நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன்க்கா."

இன்னும் ஒரு தடவை கேட்டாள். இன்னும் ஒரு தடவை சொன்னேன். பிறகுதான் அவள் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.

வெள்ளை வண்டி நேராக நின்றதா, எந்தப் பக்கமாவது இழுத்ததா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், இவ்வளவு தூரம் கூடவே வந்திருக்கிறீர்கள். என்னைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. நான் சாலையையே பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எதை வாங்கினாள் என்பதும் எனக்குத் தெரியும். அதை எழுதாதே என்று சொல்லியிருக்கிறாள். "ஓட்டிப் பாக்காத ஆளுங்களுக்கு நம்ம முடிவைக் குடுக்கக் கூடாதுடா" என்கிறாள். இந்த விஷயத்தில் அவள் பேச்சுக்கு மேல் பேச்சில்லை.

பின் சீட் காலியாகத்தான் இருக்கிறது. எக்ஸ்பிரஸ் இன்றைக்கு வரப்போவதில்லை. ஏறி உட்காருங்கள், பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், பேனா கீனா இருந்தால் எடுத்துவிடுங்கள். அக்கா வண்டியைத் திருப்பிவிட்டாள், இன்னொரு தடவை மிதிக்கப் போகிறாள். வண்டி எப்படி நிற்கிறதென்று நீங்கள் சொல்லுங்கள்.